காலுக்கு நடை, மனசுக்கு மருந்து

வெளியூரிலிருந்து சென்னைக்கு வருகிறவர்கள் மெரினாவைச் சாயங்காலத்தில்தான் பார்க்கிறார்கள். சுண்டல், பலூன், ராட்டினம், ஜனக்கூட்டம்! விடியற்காலை ஐந்தரை மணி மெரினாவோ வேறு உலகம். நூல் புடவைக்குக் கீழே கான்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு, கைகளை வீசி நடக்கும் பெண்களின் உலகம் அது.

இந்த இடமே நடப்பதற்காக உண்டானதுதான். கவர்னராக இருந்த கிராண்ட் டஃப் 1884-ல் கடலோரமாக உலாச் சாலை அமைத்து, 'மெரினா' என்று பெயர் சூட்டினார். உழைப்பாளர் சிலையிலிருந்து தெற்கே நடந்தால் கையில் சிலம்போடு கண்ணகி. இன்னும் போனால் சாலைக்கு அந்தப் பக்கம் வட்டமான விவேகானந்தர் இல்லம். 1842-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ். பிற்பாடு இளம் விதவைகளுக்காக சகோதரி சுப்புலட்சுமி நடத்திய விடுதி இங்கேதான் இருந்தது. வீட்டு மூலையில் முடங்கிக் கிடந்த பெண்கள், இந்தக் கடற்காற்றில் உட்கார்ந்து பாடம் படித்தார்கள்!

கண்ணகி சிலையருகே மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த ஓர் அம்மாளிடம் பேச்சுக் கொடுத்தேன். திருவல்லிக்கேணிக்காரர். ஐம்பத்தைந்து வயதிருக்கும்.

"எத்தனை நாளா நடக்கிறீங்கம்மா?"

"நாலு வருஷமாச்சுங்க. பொண்ணைக் கட்டிக் கொடுத்தப்புறம் வீடே வெறிச்சுனு ஆயிடுச்சு. காலையில எழுந்திருக்கவே பிடிக்காது. சும்மா சும்மா அழுகை வரும். சாப்பாடு மண்ணு மாதிரி இருக்கும். டாக்டரம்மா மாத்திரை கொடுத்து, தினம் நடக்கவும் சொன்னாங்க. 'வீட்ல நடக்காத நடையா?'ன்னு கேட்டேன். 'அது மத்தவங்களுக்காக நடக்கறது. உங்களுக்காக அரைமணி நடங்க'ன்னாங்க."

"உடனே குணம் தெரிஞ்சுதா?"

"எங்கேங்க! மூணு வாரம் ஒண்ணுமே தெரியலை. எங்க வீட்டுக்காரர்தான் விடாம இழுத்துக்கிட்டு வந்தார். அப்புறம் ஒரு நாள் வீட்டுக்குப் போய் காபி குடிச்சேன். மணமா இருந்துச்சு. அன்னிக்குத்தான் நம்பிக்கை வந்தது."

அந்த மூன்று வாரத்தில்தான் பலர் விட்டுவிடுகிறோம். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தார் 1999-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. மனச்சோர்வு நோய் கண்ட, ஐம்பது வயதைக் கடந்த 156 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு மாத்திரை, ஒரு பிரிவுக்கு வாரம் மூன்று நாள் உடற்பயிற்சி, மற்றொன்றுக்கு இரண்டும். மாத்திரை முதலில் வேகமாக வேலை செய்தது. ஆனால் 16 வாரம் கழித்துப் பார்த்தால் மூன்று பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தார்கள்! பயிற்சிக்குப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

நடக்கும்போது எண்டார்பின் போன்ற பொருள்கள் உடம்பில் சுரக்கின்றன. ராத்திரி தூக்கம் நன்றாக வருகிறது. காலை வெளிச்சம் கண்ணில் படுகிறது. நாலு முகங்களைப் பார்க்கிறோம். 'இன்றைக்கு ஒன்றைச் செய்து முடித்தேன்' என்ற தெம்பும் சேர்கிறது. சோர்ந்த மனசுக்கு இது சின்ன விஷயமில்லை.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் கணக்கு, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம். அதாவது ஐந்து நாள், அரைமணி வீதம். முடியாதவர்கள் பத்து நிமிஷத்தில் ஆரம்பிக்கலாம். பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகம் போதும். மூட்டுவலி, இருதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு தொடங்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. நடக்க ஆரம்பித்தாயிற்றே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். படுக்கையை விட்டு எழவே முடியாதவளிடம் 'போய் நடந்துட்டு வா, எல்லாம் சரியாயிடும்' என்பதும் தப்பு. அவளுக்கு முதலில் வைத்தியம், கூடவே கைபிடித்து நடக்க ஒரு துணை. உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் தலைகாட்டினால் கொஞ்சமும் தாமதிக்காமல் 14416-ஐக் கூப்பிடுங்கள். 2022-ல் தொடங்கிய அரசின் 'டெலி மானஸ்' சேவை அது. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

கடற்கரை எல்லா ஊரிலும் இல்லையே என்கிறீர்களா? குளக்கரை உண்டு, கோயில் பிராகாரம் உண்டு, மொட்டைமாடியும் உண்டு. பக்கத்து வீட்டில் யாராவது கொஞ்ச நாளாக வெளியே தலைகாட்டாமல் இருக்கிறாளா? நாளைக் காலையில் புறப்படும்போது அவள் வீட்டுக் கதவையும் தட்டிவிட்டுப் போங்களேன்.