வேடிக்கை பார்த்தவருக்கும் பங்கு உண்டு

கடலூர்–சிதம்பரம் சாலையில், ஆலப்பாக்கத்தைத் தாண்டி ஒரு மினி லாரி கவிழ்ந்தது. மீன் பெட்டிகள் சரிந்து, ஐஸ் சாலையோரமெங்கும் சிதறிக் கிடந்தது. ஓட்டுநருக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டுமே. பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து முதலாளியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். ஆனால் அந்த விபத்தையொட்டி இன்னொருவரின் வலது கால் எலும்பு இரண்டு இடங்களில் முறிந்தது. அவர் சாலையின் எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தவர், என் கட்சிக்காரர்.

சிப்காட்டில் வெல்டர். ஷிப்டு முடிந்து பைக்கில் பரங்கிப்பேட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். நான்கு வழிச்சாலை வருவதற்கு முந்தைய காலம்; நடுவில் தடுப்பு இல்லாத பழைய 45ஏ. முன்னால் போன கார் சட்டென்று நின்றது. இவர் பின்னால் போய் மோதினார்.

முதல் தகவல் அறிக்கை இவர் மீதே பதிவானது. பின்னால் மோதியவன் மீதுதான் தப்பு என்று பார்த்த மாத்திரத்தில் எழுதிவிடுகிறார்கள். காலில் கம்பி வைத்துப் படுத்திருந்தவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அந்தக் கார் ஏன் சார் நின்னுச்சு?" வழக்கே அந்தக் கேள்விதான்.

மோட்டார் வாகனச் சட்டம் 166ஆம் பிரிவில் இழப்பீட்டு மனு போட்டோம். கார் ஓட்டியவர் சாட்சிக் கூண்டில் ஏறி, "விபத்தில் சிக்கியவருக்கு உதவத்தான் நிறுத்தினேன்" என்றார். நல்ல எண்ணத்தோடு நிறுத்தியவரைத் தண்டித்தால் நாளை யார் உதவ முன்வருவார்கள் என்று இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் கேட்டார். நியாயமான கேள்வி என்பதால் அதை எளிதில் தள்ள முடியவில்லை.

குறுக்கு விசாரணை நீளவில்லை.

"காரை ஓரத்து மண்ணில் இறக்கினீர்களா?"

"இல்லை."

"இண்டிகேட்டர் போட்டீர்களா?"

"ஞாபகம் இல்லை."

"கதவைத் திறந்தீர்களா, கண்ணாடியை இறக்கினீர்களா?"

"கண்ணாடியை."

"கையில் என்ன இருந்தது?"

சற்று நேரம் கழித்து, "செல்போன்" என்றார்.

"108-ஐக் கூப்பிட்டீர்களா?"

"இல்லை."

டீக்கடைக்காரர் முன்பே சாட்சி சொல்லியிருந்தார்: காருக்குள் இருந்தபடியே அவர் போனை நீட்டிப் படம் எடுத்தார் என்று. காவல்துறை வரைந்த மாதிரி வரைபடத்தில் கார் பாதையின் நட்டநடுவில் நின்றது. அன்று நடைமுறையில் இருந்தவை 1989ஆம் ஆண்டின் சாலை விதிமுறைகள். முன்னால் போகும் வண்டிக்குப் போதிய இடைவெளி விட வேண்டும் என்பது 23ஆம் விதி. அதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். பாதுகாப்புக்குத் தேவைப்பட்டாலன்றித் திடீரென பிரேக் போடக்கூடாது என்ற 24ஆம் விதியை யாரும் எடுப்பதில்லை. நான் அதை எடுத்து வாதாடினேன்.

இருவர் மீதும் சரிபாதி கவனக்குறைவு என்று தீர்ப்பாயம் சொன்னது. பாதித் தொகையும் ஏழரை சதவீத வட்டியும் கிடைத்தன. மேல்முறையீடு வேண்டாம், இருப்பதை வாங்கிக் கொடுங்கள் என்றார் அவருடைய அம்மா. குந்தி உட்கார முடியாதவருக்கு வெல்டிங் வேலை ஏது? அவர்கள் அவசரம் எனக்குப் புரிந்தது.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கோயம்புத்தூர் மாணவர் ஒருவரின் வழக்கில் தீர்ப்பளித்தது. நெடுஞ்சாலையில் முன்னால் போன கார் சைகை எதுவுமின்றி நின்றிருக்கிறது. பைக்கில் வந்து அதில் மோதி விழுந்தவர் மீது பின்னால் வந்த பேருந்து ஏறி, இடது காலையே எடுக்க வேண்டியதாயிற்று. கர்ப்பிணி மனைவிக்குக் குமட்டல் வந்ததால் நிறுத்தினேன் என்றார் கார்க்காரர். நீதிமன்றம் அதைக்கூட ஏற்கவில்லை. காருக்கு 50 சதவீதம், பேருந்துக்கு 30, மாணவருக்கு 20 என்று பொறுப்பைப் பிரித்தது. கர்ப்பிணிக்காக நின்றதற்கே பாதிப் பொறுப்பு என்றால், படம் பிடிக்க நின்றவருக்கு எவ்வளவு? இன்று அந்த வெல்டரின் மனு என் கைக்கு வந்தால் சரிபாதியில் நிற்க விடமாட்டேன்.

ஆலப்பாக்கம் விபத்தில் கால் முறிந்தது ஒரு பக்கம், நெரிசல் இன்னொரு பக்கம். கடலூரிலிருந்து வந்த ஆம்புலன்ஸ் தேங்கிய வண்டி வரிசையின் வாலில் மாட்டிக்கொண்டது. ஜப்பானின் நகோயாவில் நடந்து 2008இல் முடிவு வெளியான ஒரு சோதனையில், 230 மீட்டர் வட்டப்பாதையில் 22 கார்களை ஒரே வேகத்தில் ஓடவிட்டார்கள். தடையே இல்லாத பாதையில், சிலர் லேசாக வேகம் குறைத்ததிலேயே நெரிசல் உருவாகி மணிக்குச் சுமார் 20 கி.மீ. வேகத்தில் பின்னோக்கிப் பரவியது. ஆலப்பாக்கத்தில் ஒவ்வொரு வண்டியும் மீன் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தது. வரிசை நீண்டதில் வியப்பென்ன?

இப்போது நடுவில் தடுப்பு வந்துவிட்டது. நேருக்கு நேர் மோதுவதை அது தடுக்கும், பார்வையைத் தடுக்காது. இங்கிலாந்தில் விபத்து நடந்த இடத்தைத் திரை கட்டி மறைக்கிறார்கள். விபத்தில் இறந்தவரைப் படமெடுப்பது ஜெர்மனியில் 2021 முதல் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். திரைக்கு நமக்கு அவ்வளவு செலவு வேண்டாம். கடலூர்–சிதம்பரம் சாலையின் கொத்தட்டைச் சுங்கச்சாவடியில் கட்டணம் வசூலிக்கும்போது, ரோந்து வண்டியில் நான்கு இரும்புக் கம்பிகளும் ஒரு சுருள் பச்சை நிழல்வலையும் வைத்திருக்கச் சொல்லி நெடுஞ்சாலை ஆணையத்தை மாவட்ட நிர்வாகம் கேட்கலாம். விபத்து இடத்துக்கு முதலில் வரும் காவலர்களில் ஒருவர் எதிர்ப்பக்கப் போக்குவரத்தை நகர்த்துவதற்கென்றே நிற்கட்டும்.

வாசகர்களுக்கு ஒன்று. உதவ நிற்பவருக்குச் சட்டம் துணை நிற்கிறது. 2016இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற வழிகாட்டுதல்களும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 134ஏ பிரிவும் அவரைக் காக்கின்றன. ஆகவே அடிபட்டவர் பக்கத்தில் யாருமில்லை என்றால் இண்டிகேட்டர் போட்டு, வண்டியை ஓரத்தில் இறக்கி நிறுத்தி, 108-ஐக் கூப்பிட்டு, இறங்கிப் போய் உதவுங்கள். ஏற்கெனவே ஆட்கள் நின்றால் கண்ணாடியை இறக்காமல், வேகத்தைச் சட்டென்று குறைக்காமல் கடந்து போய்விடுங்கள்.