குமிழில் இல்லாத பெயர்கள்

பேர்மிங்ஹாமின் பழம்பொருள் சந்தைகளில் விக்டோரியா காலத்துப் பித்தளை விளக்கு கண்ணில் பட்டால், திரியைத் திருகும் குமிழைத்தான் முதலில் பார்ப்பேன். செய்த கொம்பனியின் பெயர் பெரும்பாலும் அதில்தான் பொறித்திருக்கும்: ஹிங்ஸ், மெசெஞ்சர், ரைட் அண்ட் பட்லர். எல்லாமே நான் குடியேறிய இந்த நகரத்துப் பெயர்கள்.

தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தடை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, கொஞ்சம் எண்ணெய் விட்டு, சிறு திரியை ஏற்றிப் படித்த தலைமுறை எங்களுடையது. திரி கொஞ்சம் கூடினாலும் புகை எழும், எண்ணெய் வீணாகும் என்பது எங்களுக்கு அனுபவப் பாடம்.

அதனால்தான் 1865இல் ஹிங்ஸ் காப்புரிமை பெற்ற 'டூப்ளெக்ஸ்' பர்னர் என்னை இப்படிக் கவர்ந்தது. இரண்டு பட்டைத் திரிகள் அருகருகே எரியும். ஒவ்வொன்றையும் ஏற்றவும் இறக்கவும் தனிக் குமிழ். சில பர்னர்களில் பக்கத்து நெம்பை அழுத்தினால் சிறு தகடுகள் எழுந்து சுடரை மூடிவிடும். ஊதி அணைக்க வேண்டியதில்லை. இப்படியொரு பர்னருக்கு வழிவிட்டது எண்ணெயின் மாற்றம்தான். முன்பு வழக்கிலிருந்த கெட்டியான தாவர எண்ணெயை மேலேற்ற வில்லும் பம்பும் தேவைப்பட்டன. 1850இல் ஜேம்ஸ் யங் நிலக்கரியிலிருந்து பரஃபின் எண்ணெய் எடுக்கக் காப்புரிமை பெற்றார். இலேசான அந்த எண்ணெய் திரி வழியே தானாக ஏறியது. விளக்கின் அமைப்பும் எளிதாயிற்று.

ஆனால் குமிழில் இருப்பது முதலாளியின் பெயர் மட்டுமே. பித்தளை உருக்கும்போது அதிலுள்ள துத்தநாகம் வெண்புகையாகக் கிளம்பும். அதைச் சுவாசித்த வார்ப்புத் தொழிலாளர்கள் இரவில் குளிர்காய்ச்சலில் நடுங்கினார்கள். கிரீன்ஹோ என்ற மருத்துவர் 1862இலேயே இந்நோயைப் பதிவுசெய்தார். 1872இல் இங்கே பித்தளைத் தொழிலாளர் சங்கம் உருவானது. மினுக்கி முடித்த பாகங்களைச் சூடாக்கி, மெல்லிய அரக்கு வார்னிஷ் பூசியவர்களில் பெருந்தொகையானோர் பெண்கள். அந்த அரக்கு இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த சரக்கு.

இன்று விளக்கை வாங்குவோர் பலர் பளபளப்புக்காக அந்தப் பழைய பூச்சைச் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தூசியை மென்துணியால் துடைத்தாலே போதும். முதலாளியின் பெயருக்குக் குமிழ் இருக்கிறது. அந்தப் பெண்களின் உழைப்புக்கு அந்தப் பூச்சுத்தான் சாட்சி.