ஜித்தாவின் கூடார நகரம்

விமான நிலையம் என்றாலே விரைந்து கடந்துபோகும் இடம் என்றுதான் நம் மனத்தில் பதிந்திருக்கிறது. ஆனால் ஜித்தா மன்னர் அப்துல் அஸீஸ் விமான நிலையத்தில் 1981இல் திறக்கப்பட்ட ஹஜ் முனையம், காத்திருப்போரை எண்ணிக் கட்டப்பட்டது.

ஆண்டில் சில வாரங்களுக்குள் எல்லாத் திக்குகளிலிருந்தும் இலட்சக்கணக்கானோர் அங்கே வந்திறங்குகின்றனர். கடவுச்சீட்டுச் சோதனையும் சுங்கச் சோதனையும் முடிந்தாலும் உடனே மக்காவுக்கு வண்டி ஏறிவிட இயலாது. முதியோர் சாயவேண்டும், உளூச் செய்யவேண்டும், தொழவேண்டும், உண்ணவேண்டும். இத்தனைக்கும் நிழல் வேண்டுமே! அந்நிழலைத்தான் 210 கூடாரங்களாக விரித்தார்கள். நடுவே ஓர் அகன்ற சாலை. அதன் இருபுறமும் ஐந்தைந்து தொகுதிகள். தொகுதிக்கு 21 கூடாரங்கள். ஒவ்வொன்றும் 45 மீட்டர் சதுரம். மொத்தம் 105 ஏக்கர் அளவுக்கு நிழல். சோதனைகள் நடக்கும் கட்டடத்துக்கு மட்டுமே குளிரூட்டல். அதைக் கடந்தால் சுவரே இல்லாத திறந்த வெளி.

‘அரச குடும்பத்துக்குத் தனி மாளிகை முனையம், அல்லாஹ்வின் விருந்தாளிகளுக்குக் கூடாரமா?’ என்று மனம் நொந்து கேட்போர் உண்டு. கேள்வி நியாயமாகத் தோன்றினும், நாம் அதற்கு உடன்படவில்லை. கனத்த கான்கிரீட் கூரை பகலெல்லாம் வெயிலைக் குடித்து, இரவெல்லாம் அதை உமிழும். இங்கோ டெஃப்லான் பூசிய கண்ணாடியிழைத் துணி. வெயிலில் ஏறத்தாழ முக்கால் பங்கை வந்த வழியே திருப்பிவிடுகிறது. துணியூடே கசியும் மெல்லொளியே பகலுக்குப் போதும். கூடாரத்தின் உச்சியில் ஓர் எஃகு வளையம் திறந்தபடி இருக்கிறது. சூடேறிய காற்று அதன் வழியே மேலே போய்விட, பக்கங்களிலிருந்து புதுக்காற்று நுழைகிறது. 45 மீட்டர் உயர எஃகுக் கம்பங்களிலிருந்து வடங்கள் துணியைத் தாங்குகின்றன. பாலைவனத்து மக்கள் தலைமுறை தலைமுறையாய் அறிந்திருந்த கலைதான் இது. பளிங்கில் இழைத்திருந்தால் கண் வியந்திருக்கும், உடம்பு வெந்திருக்கும்.

மும்பையிலிருந்து கடைசி ஹஜ் கப்பல் 1995இல் புறப்பட்டது. கப்பலில் போனவர்களுக்கு மனம் பக்குவப்படக் கடலிலே பல நாட்கள் கிடைத்தன. இன்று சென்னையில் ஏறியவர் சில மணி நேரத்தில் ஜித்தாவில் நிற்கிறார். நேரே மக்கா செல்பவராயின் இஹ்ராம் அணிந்தே இறங்குகிறார். மனம் மட்டும் இன்னும் வீட்டு வாசலில் பிள்ளைகளிடம் விடைபெற்றுக்கொண்டிருக்கும். அது வந்து சேரும்வரை இளைப்பாற அவருக்கு அக்கூடார நிழல் உதவுகிறது. நம் ஹாஜிகள் பலர் பெட்டியைத் தேடும் பரபரப்பில் மேலே அண்ணாந்து பாராமலே வந்துவிடுகிறார்கள் என்பதுதான் நம் குறை.

அதன் கட்டடக் கலைஞர் கோர்டன் பன்ஷாஃப்ட். பொறியியலைத் தம் பொறுப்பில் கொண்டவர், 1929இல் டாக்காவில் பிறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான். சிகாகோவின் 110 மாடி சியர்ஸ் கோபுரத்தை நிமிர்த்திய அதே மூளைதான் ஹாஜிகளுக்கு இத்துணிக் கூரையையும் கணக்கிட்டது. இம்முனையத்துக்கு 1983இல் ஆகா கான் கட்டடக் கலை விருது கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு மார்ச் 27ஆம் நாள் அவர் இறந்துவிட்டார். உயிர் பிரிந்த ஊரும் ஜித்தாவே.