பன்னிரண்டு கம்பி கிடார், குறைஞ்ச பட்ஜெட்: வாங்கறதுக்கு முன்னாடி ஒரு இழை

1/ ஜூன் 21 வந்தா நம்ம பாண்டியில ஃபெத் தெ லா முசிக். 1982-ல பிரான்ஸ்ல தொடங்கின இசைத் திருநாள். அது முடிஞ்ச கையோட என் இன்பாக்ஸ்ல ஒரு கேள்வி தவறாம வரும்: "டாக்டர், பன்னிரண்டு கம்பி கிடார் குறைஞ்ச விலையில எது வாங்கலாம்?" தனித்தனியா பதில் போடறதுக்கு பதிலா இந்த இழை. மாடல் பட்டியல் இருக்காது. கடையில நின்னு நீங்களே எப்படிப் பார்த்து எடுக்கறதுன்னு சொல்றேன்.

2/ முதல்ல அடிப்படை. இதுல பன்னிரண்டு கம்பியும் ஆறு ஜோடியா இருக்கும். தடிமனான நாலு ஜோடியில ஒரு கம்பி வழக்கமான சுருதி, பக்கத்துல இருக்கறது ஒரு ஸ்தாயி மேல. மெல்லிசான ரெண்டு ஜோடியில ரெண்டு கம்பிக்கும் ஒரே சுருதி. எவ்வளவு துல்லியமா சேர்த்தாலும் நூலிழை வித்தியாசம் இருக்கும். ஒரு ஆள் வாசிக்க ரெண்டு பேர் வாசிக்கற மாதிரி கேட்குதே, அதுக்கு இந்த ரெண்டும்தான் காரணம்.

3/ இப்ப கணக்கு. ஆறு கம்பி கிடார்ல கம்பிகளோட மொத்த இழுவிசை சுமார் 70-75 கிலோ. பன்னிரண்டு கம்பியில சுமார் 110 கிலோ. ரெண்டு சிமென்ட் மூட்டையை விட அதிகம். நீங்க தூங்கும்போதும் அது இழுத்துக்கிட்டேதான் இருக்கும். தாங்கறது சுமார் 3 மி.மீ. பலகையும், அது மேல ஒட்டின பிரிட்ஜும், கழுத்தும். அதனால ஆறு கம்பியில சமாளிச்சிடக்கூடிய சின்னக் குறை இதுல பெருசா தெரியும்.

4/ அதை உங்க கை எப்படி உணரும்? ஒரு தம்பி வந்தார் (அடையாளம் மாத்தியிருக்கேன், அனுமதி வாங்கித்தான் எழுதறேன்). சர்ச் பாடகர் குழுவுல வாசிக்கறவர். டெலிவரி வேலை பார்த்துச் சேர்த்த காசுல பழைய பன்னிரண்டு கம்பி ஒண்ணு வாங்கியிருக்கார். ரெண்டு மாசத்துல இடது கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப் போகுது, ராத்திரி தூக்கத்துல எழுப்புது. "நரம்பு போயிடுச்சா டாக்டர்? வித்துடவா?"

5/ அடுத்த தடவை கிடாரையும் எடுத்துட்டு வரச் சொன்னேன். கம்பி அவ்வளவு உயரம். ஒவ்வொரு கார்டுக்கும் மணிக்கட்டை மடக்கி, கட்டைவிரலால நசுக்கிப் பிடிச்சிருக்கார். கொஞ்ச வாரம் ஓய்வு, ராத்திரி மணிக்கட்டுக்கு ஸ்ப்ளின்ட், கிடாருக்கு ஒரு நல்ல ரிப்பேர்காரர். இப்ப மறுபடி வாசிக்கறார். "எனக்கு கை வரல"ன்னு கிடாரை மூலையில வைக்கறவங்கள்ல நிறைய பேருக்குக் கை நல்லாத்தான் இருக்கும். பிரச்சினை கிடார்ல.

6/ கடையில முதல் வேலை: முழு சுருதிக்கு ஏத்தச் சொல்லுங்க. பல கடையில பன்னிரண்டு கம்பியைத் தளர்த்தியே வச்சிருப்பாங்க. தளர்வா இருக்கும்போது எல்லா கிடாரும் நல்ல கிடார்தான். போன்ல ட்யூனர் ஆப் போட்டு நீங்களே சரிபாருங்க. ஏத்தி பத்து நிமிஷம் விட்டு அப்புறம் அளங்க.

7/ ஏடிஎம் கார்டு டெஸ்ட். ஒரு கார்டு 0.76 மி.மீ. 12-வது ஃபிரெட்டுக்கும் தடிமனான கம்பிக்கும் நடுவுல மூணு கார்டு (சுமார் 2.3 மி.மீ.) அடுக்கி நுழைங்க. ஒட்டி நின்னா நல்லது. நாலு போனா செட்டப் பண்ணிக்கலாம். அஞ்சு கார்டு சுலபமா போச்சுன்னா எச்சரிக்கை.

8/ அந்த எச்சரிக்கையை எப்படி முடிவு பண்றது? பிரிட்ஜ் மேல நிக்கற வெள்ளைக் கட்டையைப் (சேடில்) பாருங்க. உயரமா நின்னா, அதைத் தேய்ச்சுக் கம்பியை இறக்கலாம். ஏற்கெனவே தேய்ஞ்சு கட்டையாகி, அப்பவும் கம்பி உயரமா இருந்தா, கழுத்தோட கோணமே போச்சு. அதைச் சரிபண்ற செலவு கிடார் விலையையே தாண்டலாம். வேண்டாம்னு வந்துடுங்க.

9/ பழைய கிடாரா? பிரிட்ஜோட பின் விளிம்புல ஒரு பேப்பரை நுழைச்சுப் பாருங்க. உள்ள போனா பசை விட்டிருக்கு. பிரிட்ஜுக்குப் பின்னாடி லேசான மேடு சகஜம், தொப்பை மாதிரி இருந்தா கூடாது. கழுத்துக்குள்ள இருக்கற ட்ரஸ் ராட் திரும்புதான்னு கடைக்காரரையே திருப்பிக் காட்டச் சொல்லுங்க.

10/ நம்ம ஊர் கடல் ஊர். மரம் ஈரத்தை இழுத்து உப்பும், பலகை மேல வரும், கம்பியும் உயரும். ஐப்பசி, கார்த்திகை மழையில இதைப் பார்க்கலாம். அதனால பட்ஜெட் கம்மின்னா பிளை பலகை வாங்கறதுல வெட்கமே இல்ல. சாலிட் பலகைக்கு நாதம் அதிகம், ஈரத்துக்கு அசையறதும் அதிகம். எதுவானாலும் உறை, உள்ள சிலிக்கா ஜெல், வாசிச்சதும் காட்டன் துணியால கம்பியைத் துடைக்கறது. உப்புக்காத்தும் வியர்வையும் சேர்ந்தா கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும்.

11/ காசு செலவில்லாத வைத்தியம்: எல்லா கம்பியையும் ஒரு முழு சுரம் இறக்கி வைங்க. இழுவிசை சுமார் 20% குறையும். பாட்டுக்கு வழக்கமான சுருதி வேணும்னா ரெண்டாவது ஃபிரெட்ல கேப்போ. விரலுக்கும் லேசு, பிரிட்ஜுக்கும் ஆயுசு. பன்னிரண்டு கம்பிக்குப் பேர் போன லெட் பெல்லியே சுருதியை நல்லா இறக்கி வாசிச்சவர்தான்.

12/ எதுக்கு வாங்கறீங்கன்னும் யோசிங்க. கார்டு போட, பாட்டுக்குப் பின்னணி வாசிக்க இது அருமை. கமகம் வாசிக்கணும்னா இது கருவி இல்ல. ஜோடிக் கம்பியை ஒரே அளவு இழுத்து வளைக்கறது கஷ்டம். மாண்டலின்லயும் ஜோடிக் கம்பிதான். யு. ஸ்ரீநிவாஸ் கர்நாடக சங்கீதத்துக்காக அதை ஒத்தைக் கம்பியா மாத்தி, அஞ்சு கம்பி வச்ச எலெக்ட்ரிக் மாண்டலின்ல வாசிச்சார்.

13/ கை விஷயம். முதல் ரெண்டு மூணு வாரம் விரல்நுனி வலிக்கறது இயல்பு. மரத்துப் போறது, மணிக்கட்டு வலி, விரல் மடங்கிச் சிக்கிக்கறது இயல்பு இல்ல. நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க. சர்க்கரை நோய் இருந்து விரல்ல உணர்ச்சி குறைஞ்சவங்க வாசிச்சதும் விரல்நுனியைக் கண்ணால பாருங்க. கீறல் வலிக்காமலே இருக்கலாம்.

14/ கையில இருக்கற தொகையை முழுசா கிடாருக்குப் போடாதீங்க. செட்டப்புக்கும் ஒரு செட் கம்பிக்கும் எடுத்து வைங்க. முக்கியமா மூணாவது ஜோடியோட மெல்லிய கம்பி ரெண்டு உபரியா வாங்குங்க, அதுதான் முதல்ல அறுந்து போகும். முடிஞ்சா நேர்ல போய் வாசிச்சு வாங்குங்க. சென்னை அண்ணா சாலையில 1842-லேர்ந்து இருக்கற மியூசி மியூசிக்கல் மாதிரி கடைகள் ஈசிஆர்ல ஒரு பஸ் தூரம்தான். ஆன்லைன்னா, திருப்பி அனுப்பற தேதிக்குள்ள 6-லேர்ந்து 8 வரை சொன்னதை முடிச்சிடுங்க.

15/ இதுக்கும் காசு பத்தலையா? பன்னிரண்டு கம்பி செட் ஒண்ணு வாங்குங்க. அதுல இருக்கற மெல்லிய ஆறு கம்பியை மட்டும் வீட்ல சும்மா கிடக்கற ஆறு கம்பி கிடார்ல போடுங்க. நாஷ்வில் ட்யூனிங்னு பேர். நண்பர் சாதாரண கிடார்ல அதே கார்டைப் பிடிக்கட்டும். சேர்ந்து வாசிச்சா கிட்டத்தட்ட பன்னிரண்டு கம்பி சத்தம் வந்துடும், செலவு ஒரு செட் கம்பி மட்டும்தான். பாடகர் குழுவுல ரெண்டு பேர் இருந்தா இந்த வாரமே செஞ்சு பாருங்க. கிடாரைப் பார்த்து வச்சிருக்கறவங்க கார்டு டெஸ்ட் எண்ணிக்கையோட கீழ கேளுங்க, சொல்றேன்.