வரியை மறந்த 'எல்லா'!

செமினார்ல நாலாவது ஸ்லைடு வரும்போது படிச்சதெல்லாம் மறந்துபோய், ப்ரொஜெக்டர் வெளிச்சத்துல திருதிருன்னு முழிச்ச அனுபவம் உங்களுக்கு உண்டா? போன மாசம் எனக்கு ஆச்சு பாஸ்! 'தேங்க் யூ' சொல்லிட்டு இறங்கினவன், அன்னிக்கு மெஸ்ஸுக்குக்கூடப் போகலை. ராத்திரி ரூம்மேட் பேசாம ஒரு ஹெட்போனை என் காதுல மாட்டினான். பாடினது எல்லா ஃபிட்ஜெரால்டு. (நிஜமாவே பேரு 'எல்லா'தாங்க!)

1930-கள்ல அமெரிக்காவை ஆட வெச்சது 'பிக் பேண்ட்' இசை. ட்ரம்பெட், சாக்ஸபோன், டிரம்ஸ்னு ஒரு பெரிய பட்டாளமே சேர்ந்து வாசிக்கும். 1917-ல பிறந்த எல்லா, டீன் ஏஜ்ல அம்மாவை இழந்து, சீர்திருத்தப் பள்ளியிலிருந்து தப்பிச்சு, நியூயார்க்கின் ஹார்லெம் தெருக்கள்ல வீடில்லாம திரிஞ்ச கறுப்பினப் பொண்ணு. 1934 நவம்பர்ல அப்போலோ தியேட்டர் போட்டிக்குப் போனதே டான்ஸ் ஆடத்தான். ஆனா, அன்னிக்கு எட்வர்ட்ஸ் சிஸ்டர்ஸ் போட்ட ஆட்டத்தைப் பார்த்து அம்மணிக்கு உதறல் எடுத்துடுச்சு. மேடை ஏறியாச்சு, ஏதாவது செஞ்சாகணுமே? பாடிட்டார். முதல் பரிசு 25 டாலர்!

அடுத்த வருஷமே டிரம்மர் சிக் வெப்பின் பேண்ட்ல இடம். 1938-ல ஒரு குழந்தைப் பாட்டை எடுத்து 'எ டிஸ்கெட், எ டாஸ்கெட்'னு பாட, செம ஹிட். 1939-ல வெப் இறந்தப்போ, 22 வயசுல அந்த பேண்டுக்கே தலைவி ஆனார். அப்புறம் தனிப் பாடகி, 13 கிராமி விருதுகள்னு பெரிய கதை அது.

நான் அன்னிக்குக் கேட்டது 1960 பிப்ரவரியில பெர்லின்ல நடந்த கச்சேரி. பாட்டு 'மேக் தி நைஃப்'. வரிகள் ஞாபகம் இருக்கணுமேன்னு முன்னாடியே சொல்லிட்டுத்தான் ஆரம்பிக்கிறார். பாதியில... போச்சு! ஆயிரக்கணக்கான பேர் முன்னாடி சுத்தமா மறந்துபோச்சு. பேண்ட் நிக்கலை, எல்லாவும் நிறுத்தலை. லூயி ஆம்ஸ்ட்ராங்கும் பாபி டேரினும் பாடின பாட்டைத் தான் சொதப்பிட்டு இருக்கிறதையே, தாளம் தப்பாம, அந்த நொடியில வரியாக்கிப் பாடுறார். நடுவுல ஆம்ஸ்ட்ராங் மாதிரி கரகர குரல்ல ஒரு மிமிக்ரி வேற! ஒரு இடத்துலகூடக் குரல்ல பதற்றம் தெரியலை. நானும் தேடித் தேடிக் கேட்டுட்டேன்.

அந்தச் சொதப்பலை வெட்டாம அப்படியே ரெக்கார்டா வெளியிட்டாங்க. பாட்டுக்கு ஒரு கிராமி, ஆல்பத்துக்கு ஒரு கிராமி!

நாளைக்கு எனக்கு ரீ-செமினார். நாலாவது ஸ்லைடை நான் தூக்கலை.