நாள்கணக்கு

இழந்த உரிமையை 'மீட்பது' என்கிறோம். அமெரிக்காவில் பல மாநிலங்களில் தண்டனை முடிந்தவர் அதற்காக மனுப் போடவேண்டும். நம் சட்டங்களில் பெரும்பாலும் வெறும் நாள்கணக்குதான். 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி சிறைக்குள் இருக்கும்வரை ஓட்டு இல்லை. வெளியே வந்தால் உண்டு. 1959 ஆயுதச் சட்டப்படி, வன்முறைக் குற்றத்துக்காகச் சிறை சென்றவர், தண்டனை முடிந்து 5 வருஷம்வரை துப்பாக்கி வைத்திருக்கக்கூடாது.

பீர்க்கன்கரணையில் எங்கள் தெருக்காரர் ஒருவர். ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று, சொந்தத் துப்பாக்கியோடு ஒரு பாங்க் வாசலில் காவல் இருந்தவர். அடிதடி வழக்கில் 3 வருஷம் உள்ளே இருந்து 2023இல் வந்தார். 2024 ஏப்ரல் 19 அன்று, "நம்மள சேத்துப்பாங்களா சார்?" என்றார். பட்டியலில் பெயர் இருந்தது. சிறையில் இருப்பதால் மட்டும் ஒருவர் வாக்காளர் இல்லாமல் போவதில்லை என்று 2013 திருத்தம் சொல்கிறது. (இதை யாரும் அவருக்குச் சொன்னதில்லை.) மை வைத்த விரலைச் சட்டைப்பையில் மறைத்தபடி நடந்தார். ஏனென்று நான் கேட்கவில்லை.

துப்பாக்கி அப்படி அல்ல. 2028இல் விண்ணப்பிக்கலாம், போலீஸ் அறிக்கையைப் பார்த்து அதிகாரி மறுக்கவும் செய்யலாம். தடை நீங்குவது வேறு, கையில் கிடைப்பது வேறு. அப்போது அவருக்கு வயது 61. எந்த பாங்க் எடுத்துக்கொள்ளும்?

இப்போது பெருங்களத்தூரில் ஓர் அடுக்குமாடி வாசலில் ராத்திரி ஷிப்ட். கையில் லத்தி. வருகிற வண்டிகளின் நம்பரை நோட்டில் எழுதுகிறார்.