ஹார்ட் டிஸ்க்கை மாத்தினா திரை ஏன் இருட்டாகணும்?

புத்தூர் நால் ரோட்டிலிருந்து வயலூர் ரோடு போகிற வழியில் ஒரு வீடு. அக்கா எம்.சி.ஏ. கடைசி வருஷம், தம்பி பிளஸ் டூ. வீட்டில் இருப்பது ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டர், அதற்கு ரெண்டு மானிட்டர். ஒன்றில் அக்கா புரோகிராம் எழுதுவார், இன்னொன்றில் அது ஓடுவதைப் பார்ப்பார்.

கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டுப் போய் குளித்துவிட்டே வரலாம், அவ்வளவு வேகம்! பொறுக்க முடியாத தம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா ஒயரையும் பிடுங்கி, பெட்டியைத் திறந்து, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. மாட்டினான். ஸ்விட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது. ரெண்டு திரையிலும் 'நோ சிக்னல்'. புதன்கிழமை அக்காவுக்கு புராஜெக்ட் வைவா!

கடைக்காரர் ஒருவர் போனிலேயே "மதர்போர்டு போயிருக்கும்" என்று சொல்லிவிட்டார். அப்பா முகம் வாடிவிட்டது. தம்பிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அக்கா திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஆன் பண்ணதும் லோகோவாவது வந்துச்சாடா?"

"இல்லக்கா..."

விஷயமே இதில்தான் இருக்கிறது. கம்ப்யூட்டரில் முதலில் ஓடுவது மதர்போர்டிலேயே இருக்கிற பயாஸ். அது மெமரி, கிராபிக்ஸ் எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகுதான் டிஸ்க்கைத் தேடிப் போகும். டிஸ்க்கே இல்லாவிட்டாலும் 'பூட் செய்ய எதுவும் இல்லை' என்றாவது திரையில் புலம்பும்.

அக்கா பிளக்கைப் பிடுங்கி, எஸ்.எஸ்.டி. ஒயர்களைக் கழற்றிவிட்டு மறுபடி ஆன் செய்தார். அதே இருட்டு. ஆக, எஸ்.எஸ்.டி. மேல் பழியில்லை!

பெட்டியின் பின்பக்கம் பார்த்தால் குட்டு வெளிப்பட்டது. 1987-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த 15 பின் வி.ஜி.ஏ., 19 பின் எச்.டி.எம்.ஐ. என ரெண்டு சாக்கெட்டும் மதர்போர்டிலும் இருந்தன, கீழே கிராபிக்ஸ் கார்டிலும் இருந்தன. தம்பி ரெண்டு ஒயரையும் மதர்போர்டில் சொருகிவிட்டான். தனி கார்டு இருந்தால் பல மதர்போர்டுகள் தங்கள் சொந்த சாக்கெட்டை நிறுத்திவிடும். ஒயர்களைக் கார்டுக்கு மாற்றியதும் லோகோ வந்தது. வராமல் இருந்திருந்தால் அடுத்து மெமரியைக் கழற்றி அழுத்தி மாட்டிப் பார்த்திருப்பார்.

விண்டோஸ் போட்டபின் அடுத்த தலைவலி. ஒரு திரையில் எழுத்தெல்லாம் யானை சைஸ், இன்னொன்று தெரியவே இல்லை. தம்பி மறுபடி ஸ்குரூ டிரைவரை எடுக்க, அக்கா கையைப் பிடித்தார். இந்த முறை லோகோ வந்துவிட்டதே! கார்டுக்கான டிரைவர் பழைய டிஸ்க்கோடு போய்விட்டது. டிரைவர் இல்லாதபோது விண்டோஸ் தன்னிடம் உள்ள சாதாரண டிரைவரை வைத்து ஏதோ ஒப்பேற்றும், ரெண்டாவது மானிட்டரைக் கவனிக்காது. கார்டு தயாரித்தவர்களின் தளத்திலிருந்து சரியான டிரைவரை இறக்கி நிறுவியதும் ரெண்டும் பளிச்.

புராஜெக்ட்? பழைய டிஸ்க்கை தம்பி நல்லவேளையாக அழிக்கவில்லை. அதைக் கூடுதல் டிஸ்க்காக மாட்டி எல்லாவற்றையும் காப்பி செய்துகொண்டார்கள்.

ஆகவே மக்களே, திரை போனால் கடைக்கு ஓடுமுன் எப்போது போனது என்று பாருங்கள். லோகோவுக்கு முன்னால் என்றால் ஒயர், கார்டு, மெமரி. லோகோவுக்குப் பின்னால் என்றால் பெரும்பாலும் டிரைவர்.

புதன்கிழமை வைவா நல்லபடியாக முடிந்தது. இப்போதெல்லாம் தம்பி ஒயரைப் பிடுங்குமுன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்கிறான் :-)